பல் வலி அடங்கிவிட்டால் நோய் தீர்ந்ததா? செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுவோர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: கடைவாய்ப் பல்லில் ஒரு கரும்புள்ளி, குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம். மருத்துவர் எவ்வளவு கேட்பாரோ என்ற தயக்கத்தில், சம்பளம் வரட்டும், பண்டிகை முடியட்டும் என நாள்கள் நகர்கின்றன. இரவில் வலியோடு செலவுக் கணக்கும் சேர்ந்து உறக்கத்தைக் கெடுக்கிறது. நாட்டின் பல குடும்பங்களில் பல் நோய் இவ்வாறுதான் முற்றுகிறது.

உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் சார்ந்த நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்வதாகவும் உலக சுகாதார அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. இந்தியாவும் அத்தகைய நாடுகளில் ஒன்று.

வலி நிற்பது ஏன்?

பல்லின் மேற்பூச்சான எனாமலில் நரம்பு இல்லை. ஆகவே சொத்தையின் தொடக்கத்தில் வலி தெரியாது. அடுத்த அடுக்கை எட்டும்போது கூச்சமும், நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழை எட்டும்போது கடும் வலியும் உண்டாகின்றன. பற்கூழ் முற்றிலும் அழிந்துவிட்டால் வலி திடீரெனக் குறையலாம். இது குணமல்ல, தொற்று வேர்ப்பகுதிக்குப் பரவிச் சீழ்க்கட்டியாக மாறக்கூடும்.

செலவும் இதே வரிசையில் உயர்கிறது. தொடக்கத்தில் ஒரே அமர்வில் பல்லை அடைத்து முடிக்கலாம். தாமதித்தால் வேர் சிகிச்சையும் உறையும், மேலும் தாமதித்தால் பல்லை அகற்றுவதும் தேவைப்படலாம். ஆக, செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதே செலவைப் பெருக்குகிறது.

காப்பீடு உதவுமா?

2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வழங்குகிறது. பல் அடைப்பு, வேர் சிகிச்சை போன்றவை புறநோயாளிப் பிரிவில் நடப்பதால் பொதுவாக இதில் அடங்குவதில்லை. தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் விபத்தினால் ஏற்படும் பல் சிகிச்சையை மட்டுமே ஏற்கின்றன.

எங்கு செல்லலாம்?

மத்திய அரசு 2014இல் தொடங்கிய தேசிய வாய் சுகாதாரத் திட்டத்தின் கீழ், மாவட்ட மருத்துவமனை மற்றும் அதற்குக் கீழுள்ள நிலையங்களில் பல் பிரிவு அமைக்க மாநிலங்களுக்கு நிதி வழங்கப்படுகிறது. எனவே மாவட்ட அரசு மருத்துவமனையில் முதலில் விசாரிப்பது நல்லது. இஎஸ்ஐ அட்டை உள்ளோர் இஎஸ்ஐ மருத்துவமனையின் பல் பிரிவை அணுகலாம்.

மற்றொரு வழி பல் மருத்துவக் கல்லூரிகள். நாட்டில் இத்தகைய கல்லூரிகள் 300க்கும் மேல் உள்ளன. டெல்லியில் மௌலானா ஆசாத் பல் அறிவியல் நிறுவனம், மும்பையில் மாநகராட்சியின் நாயர் மருத்துவமனை பல் மருத்துவக் கல்லூரி, கொல்கத்தாவில் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி, பெங்களூருவில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவை பொதுத்துறையில் இயங்குபவை. கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பதால் கட்டணம் குறைவு. ஆனால் நேரம் கூடுதலாகும். பலமுறை செல்ல நேரிடும். தினக்கூலி பெறுவோர் எத்தனை முறை வர வேண்டும் என்பதை முதல் நாளிலேயே கேட்டறிந்தால், இழக்கும் கூலியையும் கணக்கிட்டுத் திட்டமிடலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

பணம் குறைவு என்பதை மருத்துவரிடம் சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. 'எந்தப் பல் அவசரம், எது காத்திருக்கும்? இதைவிடச் செலவு குறைந்த மாற்று உண்டா? அமர்வுவாரியாகப் பணம் செலுத்தலாமா?' ஆகிய கேள்விகள் பயன் தரும். துளையிடும் இயந்திரமின்றிக் கைக்கருவிகளால் சொத்தையை நீக்கி அடைக்கும் முறையும் உண்டு. சொத்தை பரவுவதைத் தடுக்கும் சில்வர் டயமைன் ஃபுளோரைடு, உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021இல் சேர்க்கப்பட்டது. இம்மருந்து பட்ட சொத்தைப் பகுதி கருத்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையும் தற்காலிக ஆறுதலே. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்தால் புண்ணாகும். மருத்துவர் பரிந்துரையின்றி நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உட்கொள்வது நோயின் மூலத்தை நீக்காது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முகம் அல்லது கழுத்தில் வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை தோன்றினால் உடனடியாக அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பல்லில் தொடங்கிய தொற்று கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அத்தகைய அறிகுறி இல்லாதோர், ஃபுளோரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை பல் துலக்குவதும், இனிப்பைக் குறைப்பதும், புகையிலை கலந்த பற்பொடியைக் கைவிடுவதும் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும். அந்த இடைவெளியில் அரசு மருத்துவமனையில் ஒரு புறநோயாளிச் சீட்டு பெற்றுப் பல்லைக் காட்டிவிட்டால், எவ்வளவு ஆகுமோ என்ற அச்சத்துக்கு ஒரு தெளிவான விடையாவது கிடைக்கும்.