பண்டிதை பணிந்த இடம்

கல்வியால் புகழ் பெற்ற ரமாபாய், கிருபையை மட்டும் நம்பக் கற்றுக்கொள்ள எட்டு ஆண்டுகள் ஆயின.

1878இல் கல்கத்தாவின் சமஸ்கிருத அறிஞர்கள் 20 வயதுப் பெண் ஒருவரைச் சோதித்துப் பார்த்து வியந்துபோனார்கள். ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை வழங்கினார்கள். அந்த ரமாபாய், 1870களின் பஞ்சத்தில் தாய், தந்தை, அக்காள் மூவரையும் பறிகொடுத்துவிட்டு அண்ணனுடன் ஊர் ஊராக நடந்தே வந்தவர். மனப்பாடமாகத் தெரிந்த ஆயிரக்கணக்கான சுலோகங்கள்தான் சொத்து.

1880இல் திருமணம். இரண்டே ஆண்டுகளில் கணவரைக் காலரா கொண்டுபோனது. 1883இல் கைக்குழந்தையுடன் இங்கிலாந்து சென்றவர், அங்கே வாண்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆங்கிலிகன் சபையின் கோட்பாடுகளை அவர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். இது அகந்தை என்று கண்டித்தார் அவருடைய ஞானத்தாயான கன்னியாஸ்திரீ. ரமாபாய் மசியவில்லை. இந்தியாவில் புரோகிதர்களின் நுகத்தைக் கழற்றிவிட்டு வந்தவர், இன்னொரு நுகத்தில் கழுத்தை நுழைக்கத் தயாராக இல்லை.

அப்படிப்பட்டவர் பணிந்தது 1891 வாக்கில். விதவைகளுக்காக அவர் தொடங்கிய சாரதா சதன் அப்போது நடந்துகொண்டிருந்தது. பெயரும் புகழும் இருந்தன. ஆனால் தான் அடைந்தது கிறிஸ்தவ மதத்தை மட்டுமே, கிறிஸ்துவை அல்ல என்ற எண்ணம் அவரை வாட்டியது. படிப்போ நற்செயலோ தன்னை மீட்காது, இறைவனின் கிருபை இலவசமாக வருவது, வெறுங்கையுடன் வாங்கிக்கொள்ள வேண்டியது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1907இல் வெளியிட்ட தன் சாட்சியத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பெண்ணுக்குக் கணவனைத் தவிர மோட்ச வழி இல்லை என்று கேட்டு வளர்ந்த விதவைக்கு, தகுதி கேட்காத கிருபை வெறும் இறையியல் அல்ல. அது விடுதலை.

மதம் மாற்றுகிறார் என்ற புகார் எழுந்து, 1893இல் சாரதா சதனின் இந்து ஆலோசகர்கள் விலகினார்கள். 1896-97 பஞ்சத்தில் மத்திய இந்தியாவுக்குப் போன ரமாபாய், சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு வந்தார். புனே அருகே கேட்காவில் அவர்களுக்காக எழுந்ததுதான் ‘முக்தி’. அடுத்த பஞ்சத்துக்குப் பிறகு அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அத்தனை வயிறுகளுக்கும் அன்றாட உணவுக்கு ரமாபாய் நம்பியிருந்தது பிரார்த்தனையை.

கடைசிக் காலத்தில் அவர் செய்த வேலைதான் மனதைத் தொடுகிறது. சமஸ்கிருதம் மண்டிய மராத்தி பைபிள் படிக்காத பெண்களுக்குப் புரியவில்லை. எனவே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு பைபிளையும் எளிய மராத்தியில் தானே மொழிபெயர்த்தார். அதற்கு அச்சுக் கோத்தவர்கள் முக்தியின் பெண்கள்.

1922 ஏப்ரலில் ரமாபாய் மறைந்தார். ஒரு காலத்தில் பண்டிதர்களை வியக்க வைத்த மொழியை ஒதுக்கிவிட்டு, கிராமத்துப் பெண்ணின் பேச்சில் எழுதி முடித்த பிறகு.