ஒருமுறை எழுதி ஊர் ஊராக ஓட்டலாம்

மேட்டூர் அணையிலிருந்து ஈரோடு வரை காவிரியின் குறுக்கே ஏழு கதவணை மின் நிலையங்கள் இருக்கின்றன. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்ற நான்கும் 1980களின் பிற்பகுதியில் வந்தவை. பவானிக்குக் கீழே சமயசங்கிலி, ஓடப்பள்ளி, வெண்டிபாளையம் மூன்றும் 2000க்குப் பிறகு எழுந்தவை. ஏழிலும் 15 மெகாவாட் எந்திரங்கள் இரண்டிரண்டு. கரை மாறுகிறது, ஊர் மாறுகிறது. அடிப்படை அளவு மாறவில்லை. ஒவ்வோர் ஊரிலும் முதலிலிருந்து யோசிக்க வேண்டிய வேலை அந்த அளவுக்குக் குறைகிறது.

சர்வர் நிர்வாகத்தில் இப்படி வேலையைக் குறைப்பது அன்சிபிளின் 'ரோல்'. மைக்கேல் டிஹான் 2012இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அன்சிபிள். 2015இல் ரெட் ஹாட் அதை வாங்கியது. நிர்வகிக்கப்படும் லினக்ஸ் சர்வரில் தனியாக எந்த ஏஜென்ட்டும் போட வேண்டாம். எஸ்எஸ்ஹெச் இணைப்பும் பைத்தானும் இருந்தால் போதும். செய்ய வேண்டியதை யாம்ல் கோப்பில் எழுதிவைத்தால் ஒரே கட்டளையில் நூறு சர்வரிலும் நடக்கும்.

சேலத்திலிருந்தோ மேட்டூரிலிருந்தோ ஒரு சிறு குழு, சங்ககிரி லாரி ஆபீஸ், நாமக்கல் முட்டை வியாபாரி, திருச்செங்கோடு போர்வெல் ரிக் கம்பெனி ஆகியோரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஃபயர்வால் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும், தினமும் பேக்கப் வேண்டும். முதல் வாடிக்கையாளருக்கு எழுதிய ஸ்கிரிப்டை நகலெடுத்து, பெயரையும் போர்ட் எண்ணையும் மாற்றி, அடுத்தவருக்குப் போடுவதுதான் வழக்கம். ஆறு மாதத்தில் மூன்று நகலும் மூன்று விதமாகிவிடும். அதன்பின் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதை மூன்று இடத்திலும் தேடிப் போட வேண்டும். ஒன்று விட்டுப்போகும். எது என்பது அந்தச் சர்வர் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியவரும்.

இதைத் தவிர்க்க உதவும் ரோல் என்பது குறிப்பிட்ட அமைப்பு கொண்ட ஒரு ஃபோல்டர். செய்ய வேண்டிய படிகள் 'டாஸ்க்ஸ்' உள்ளே இருக்கும். இடத்துக்கேற்ப நிரப்பிக்கொள்ளும் மாதிரிக் கோப்புகள் 'டெம்ப்ளேட்ஸ்' உள்ளே. அமைப்பு மாறினால் மட்டும் சர்வீஸை மறுபடி தொடங்கும் கட்டளைகள் 'ஹேண்ட்லர்ஸ்' உள்ளே.

மாறும் மதிப்புகளை வைக்க 'டீஃபால்ட்ஸ்', 'வார்ஸ்' என இரண்டு இடங்கள் உண்டு. பலர் இவற்றைக் கலந்துவிடுகிறார்கள். ரோலின் உயிரே இங்கேதான் இருக்கிறது. டீஃபால்ட்ஸில் உள்ள மதிப்புக்கு முன்னுரிமை மிகக் குறைவு. வாடிக்கையாளரின் சர்வர் பட்டியலான இன்வென்டரியில் வேறு மதிப்பு கொடுத்தால் அதுதான் செல்லும். வார்ஸில் வைத்ததை இன்வென்டரியால் மாற்ற முடியாது. பேக்கப் எடுக்கும் நேரம், எந்த டைரக்டரி, எத்தனை நாள் வைத்திருப்பது ஆகியவை டீஃபால்ட்ஸில் இருக்க வேண்டும். லாரி ஆபீஸில் இரவெல்லாம் புக்கிங் நடந்தால் அங்கே பேக்கப் நேரத்தை மட்டும் தள்ளிவைக்கலாம். ரோலைத் தொட வேண்டியதில்லை. எது எல்லோருக்கும் பொது, எது ஆளுக்கு ஆள் மாறும் என்று பிரிக்கத் தெரிந்தவரே நல்ல ரோல் எழுதுபவர். கட்டளைகளை மனப்பாடம் செய்வது அதற்குப் பிறகுதான்.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் மாற்றும்படி வைக்கிறேன் என்று அறுபது மாறிகளோடு எழுதிய ரோலை எழுதியவரைத் தவிர வேறு யாராலும் பயன்படுத்த முடியாது. முதல் வாடிக்கையாளருக்கே ரோல் எழுத உட்கார வேண்டாம் என்பேன். இரண்டு பேருக்குச் செய்து பார்த்தால்தான் பொதுவானது எது என்று கண்ணுக்குத் தெரியும். மூன்றாமவர் வரும்போது எழுதலாம்.

ரோலை எத்தனை முறை ஓட்டினாலும் சர்வர் ஒரே நிலையில் வந்து நிற்க வேண்டும். இந்த எண்ணம் அன்சிபிளுக்கு முந்தியது. 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் தொடங்கிய சிஎஃப்இன்ஜின் என்ற சர்வர் நிர்வாகக் கருவியிலேயே அது வேரூன்றியது. ரோலை இரண்டாம் முறை ஓட்டினால் முடிவில் வரும் சுருக்கத்தில் 'சேஞ்ஜ்டு' என்ற இடத்தில் 0 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் எங்கோ 'ஷெல்' என்று நேரடிக் கட்டளை போட்டிருப்பார்கள். பயனர் கணக்கு, பேக்கேஜ், கோப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி மாட்யூல் இருக்கும்போது ஷெல்லைக் கடைசியில்தான் நாட வேண்டும்.

எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதும் இல்லை. அன்சிபிள் கேலக்ஸி என்ற பொதுக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான ரோல்கள் கிடைக்கின்றன. ஜெஃப் கியர்லிங் எழுதிய டாக்கர், என்ஜின்எக்ஸ், மைஎஸ்க்யூஎல் ரோல்களை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ரூட் அதிகாரத்தோடு வாடிக்கையாளரின் சர்வரில் ஓடப்போகும் கோப்பு அது. டாஸ்க்ஸ் ஃபோல்டரை முழுக்கப் படிக்காமல் ஓட்டக் கூடாது. மாலிக்யூல் என்ற கருவியால் ஒரு கன்டெய்னரில் ஓட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கடவுச்சொற்களை ரோலுக்குள் எழுதவே கூடாது. அவற்றை மறையாக்கி வைக்க அன்சிபிளின் வால்ட் இருக்கிறது.

'ரெக்வயர்மென்ட்ஸ்' கோப்பில் வெளியாரின் ரோலைக் குறிக்கும்போது பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். எண் இல்லாவிட்டால், அடுத்த முறை புதிதாக இறக்கும்போது அன்றைய புதிய பதிப்பு வந்து உட்காரும். பெயர் மாறிய ஒரு மாறி, நீக்கப்பட்ட ஒரு படி, எதுவானாலும் லாரி ஆபீஸ், முட்டை வியாபாரி, ரிக் கம்பெனி மூவரின் சர்வருக்கும் ஒரே கட்டளையில் போய்ச் சேரும். எண் குறித்திருந்தால், புதிய பதிப்பை முதலில் சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு, சரியாக இருந்தால் மற்றவர்களுக்கு என்று நகரலாம்.