பொலிஸ் பதிவில் இருந்த பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கின்றதா?

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளிலுள்ள லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டனர். தலைநகரில் தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று கூறி, 376 பேர் வவுனியா உள்ளிட்ட இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு மீது மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தமையினால் அந்த வெளியேற்றம் நின்றது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க சில தினங்களில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அந்நாட்களில் கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்குப் பொலிஸ் பதிவு என்பது அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகியிருந்தது. ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கினாலும் அவரது பெயரைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2008 செப்டெம்பரில் வடபகுதியிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருந்தோர் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற அறிவிப்பு விடுக்கப்பட்டபோது, மக்கள் கைக்குழந்தைகளுடன் வரிசையில் நின்றனர். அச்சத்தினால் பலர் அந்தப் பதிவைத் தவறாது செய்துகொண்டனர்.

இன்று அந்த வரிசைகள் இல்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. பிறர் கட்டாயப்படுத்திய பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதற்கு அவ்வளவு அக்கறை காட்டிய நாம், சட்டம் நமக்கு உரிமையாகத் தந்திருக்கும் வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்ப்பதற்கு அதிற் பாதி அக்கறையையாவது காட்டுகின்றோமா? முன்னையது நம்மைக் கண்காணிப்பதற்காக எழுதப்பட்டது. பின்னையது ஆட்சியை நாம் கண்காணிப்பதற்காக எழுதப்படுவது. வாக்குரிமை பற்றிய பேச்சு தேர்தல் நெருங்கும்போதுதான் நம் மத்தியில் எழுகின்றது. உண்மையில் அது வாக்குப் பெட்டியிலன்றி இடாப்பிலேயே தொடங்குகின்றது.

இடாப்பின் பெறுமதியை இந்நாட்டின் வரலாறு கசப்பான முறையில் கற்பித்திருக்கின்றது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் இதனை முதலில் பெற்ற நாடு இலங்கையே. ஆனால் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டுக்குள் ஒரு பெரும் மக்கள் தொகுதி அந்த இடாப்பிலிருந்து நீக்கப்படுவதற்கான சட்டங்கள் நிறைவேறின. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. இது தோட்டங்களோடு மாத்திரம் நின்றுவிடவில்லை. கொழும்புத் துறைமுகத்திலும் நகர சுத்திகரிப்புப் பணியிலும் உழைத்த இந்திய வம்சாவளியினரும், இந்தியாவிலிருந்து வந்து வர்த்தகம் செய்த முஸ்லிம்களும் தமது பிரஜாவுரிமையை நிரூபிக்க வேண்டியவர்களாயினர். 1947இல் இலங்கை இந்திய காங்கிரஸின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவர்கூடச் செல்ல முடியவில்லை. இந்த அநீதியைச் சட்டரீதியாக முடிவுக்குக் கொண்டுவர 1964, 1974ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களும், 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் தேவைப்பட்டன. இடாப்பிலிருந்து பெயரை நீக்க ஓராண்டு போதுமாயிருந்தது. அதனை மீட்க அரை நூற்றாண்டு சென்றது.

இத்தகைய அனுபவம் நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கு 1870ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வாக்குரிமையை வழங்கியது. எனினும் தென் மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனை, வாக்கு வரி என்பவற்றின் மூலம் அவர்களை இடாப்பிற்கு வெளியே நிறுத்தி வைத்தன. 1962இல் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத் தொழிலாளியான ஃபானி லூ ஹேமர் என்ற பெண்மணி, வாக்காளராகப் பதிவு செய்ய முயன்ற ஒரே காரணத்துக்காகத் தாம் 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1965 மார்ச் 7ஆம் திகதி அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில், வாக்குரிமை கோரி ஊர்வலமாகச் சென்றோர் பொலிஸாரின் தடியடிக்கு உள்ளாகினர். அவ்வாண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி வாக்குரிமைச் சட்டம் கைச்சாத்திடப்பட்டது. அதற்கு முன்னர் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தவர் 7 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 60 சதவீதமாக உயர்ந்தது.

இந்த உயர்வு சட்டத்தினால் மாத்திரம் நிகழ்ந்ததன்று. கறுப்பின மக்களின் தேவாலயங்களும் மாணவர் அமைப்புகளும் வீடு வீடாகச் சென்று, படிவங்களை நிரப்பக் கற்பித்து, மக்களைப் பதிவு அலுவலகம் வரை அழைத்துச் சென்றன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாக்களிப்பு நிலையத்துக்குக் கூட்டாகச் செல்லும் வழக்கம் பல மாநிலங்களில் இன்றும் உண்டு. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய பாதுகாப்பு ஒன்றைச் செயலிழக்கச் செய்த பின்னர் இப்பணி மேலும் அவசியமாயிற்று. பெற்ற உரிமையையும் ஆண்டுதோறும் காக்க வேண்டியிருக்கின்றது என்பதே அவர்களது அனுபவம்.

இனி நமது நகரத்துக்கு வருவோம். கொழும்பு மாநகரில் எந்தவொரு சமூகமும் தனித்துப் பெரும்பான்மையாக இல்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தினரும் பெருந்தொகையாக வாழும் நகரம் இது. அவ்வாறிருந்தும் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் தோட்டங்களிலும் வாழும் பலரின் பெயர்கள் இங்குள்ள இடாப்பில் இல்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள வீட்டு விலாசத்தில் பெயர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டவர்கள் ஒரு சாரார். அவர்கள் தேர்தலன்று ஊருக்குச் செல்வதுமில்லை; வாழும் இடத்தில் வாக்களிக்கவும் முடிவதில்லை. வாடகைக்கு இருப்போரின் பெயரைப் பதிந்தால் வீட்டுக்கு உரிமை கோருவார்களோ என்று அஞ்சும் உரிமையாளர்களால் தவறவிடப்படுவோர் இன்னொரு சாரார். குடிசைப் பகுதிகளிலிருந்து மட்டக்குளி, தெமட்டகொடை போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டு, புதிய விலாசத்துக்குப் பதிவை மாற்றாதிருப்போரும் உள்ளனர்.

இவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1980ஆம் ஆண்டின் தேருநர் பதிவுச் சட்டம் வீட்டின் உரிமையைப் பார்ப்பதில்லை. சாதாரணமாக வசிக்கும் இடத்தையே பார்க்கின்றது. வாடகைக்கு இருப்பவரும் பதிவுக்கு உரித்துடையவர். இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகின்றது. 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் பெப்ரவரி 1ஆம் திகதி வசிக்கும் இடமே பதிவுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது. அத்திகதிக்குப் பின்னர் 18 வயதை எட்டும் இளைஞர்களைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்ப்பதற்கும் அத்திருத்தம் வழி செய்துள்ளது. கிராம உத்தியோகத்தர் வருவார் என்று காத்திருப்பதைவிட அவரைத் தேடிச் செல்வதே தக்கது. பெயர் விடுபட்டிருந்தால் இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில் உரிமைக் கோரிக்கை சமர்ப்பிக்கலாம். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தாலே பெயர் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இதனால் கிடைக்கும் பயன் தேர்தலோடு முடிவதன்று. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர் இதனை நன்கறிவர். தமது பெயர் வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாக உள்ளது என்பதற்கும் அங்கு புள்ளிகள் உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது இடாப்பைத் தேடுவோர், பிள்ளை பிறந்தபோதே தேடியிருக்க வேண்டும்.

மாநகர சபையை எடுத்துக்கொள்வோம். வடிகால், குப்பை, வீதி விளக்கு, சந்தை, நூலகம், மயானம் ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பில் உள்ளவை. 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தினால் ஒத்திவைக்கப்பட்டது. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தபோது, 117 உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மாநகர சபையில் முதலிடம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தவை 48 ஆசனங்கள். எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் மாதம் நடைபெற்ற இரகசிய வாக்கெடுப்பில் மேயர் பதவி 61க்கு 54 என்ற கணக்கிலேயே தீர்மானமாயிற்று. எக்கட்சி வென்றது என்பதன்று நமது கரிசனை. நான்கு உறுப்பினர்கள் மாறி வாக்களித்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும் சபையில், ஒரு வட்டாரத்தின் சில நூறு வாக்குகளுக்கு எத்தகைய பெறுமதி இருக்கும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

வாக்கில்லாதோரின் நிலைமைக்கு ஓர் உதாரணம் போதும். கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டல் குப்பை மேடு 2009இல் மூடப்பட்ட பின்னர், கொழும்பு நகரின் குப்பை நகர எல்லைக்கு வெளியேயுள்ள மீத்தொட்டமுல்லையில் கொட்டப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அந்த மேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். குப்பை எந்த நகரத்துடையதோ அந்நகரத்தின் சபைக்கு அம்மக்கள் வாக்களிக்க இயலாது. தம்மைத் தெரிவு செய்யாதவர்களின் முற்றத்தில் குப்பையைக் கொட்டுவது எந்த நிர்வாகத்துக்கும் இலகுவானது.

வாக்களிக்காதிருப்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடே என்று வாதிடுவோர் உள்ளனர். அவர்களது மனக்கசப்பை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பகிஷ்கரிப்பின் விளைவையும் நாம் கண்டுள்ளோம். 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பினால் வடக்கின் நான்கு தொகுதிகள் அரசாங்க சபையில் 1934 வரை வெறுமையாயிருந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில், விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பினால் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தோர் 2 சதவீதத்துக்கும் குறைவு. அத்தேர்தல் நாடளாவிய ரீதியில் சுமார் 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்குகளால் முடிவாயிற்று. யார் வென்றிருந்தால் நன்மை என்பது வேறு விவாதம். நம்மைப் பற்றிய தீர்மானத்தை நாமின்றியே பிறர் எடுத்தனர் என்பதே இதிலுள்ள உண்மை.

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தோரைவிட, நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோர் நாடளாவிய ரீதியில் சுமார் 18 இலட்சம் பேர் குறைவு. அத்துடன் பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. சாவடி வரை சென்று வரிசையில் நின்றவர்களின் வாக்குகள் இவை. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பின்னர் அக்கட்சியின் வேட்பாளர் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு என்ற முறையை அரை மணி நேரத்தில் கற்பித்துவிடலாம்.

அதனைக் கற்பிப்பதற்குரிய இடங்கள் நம்மிடையே குறைவில்லை. கோவில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற மன்றங்களும் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை பூஜையின் பின்னரோ ஜும்ஆத் தொழுகையின் பின்னரோ ஞாயிறு பூசையின் பின்னரோ, ஒரு மேசையும் இரண்டு இளைஞர்களும் கைவசம் சில படிவங்களும் இருந்தாற் போதும். எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று வழிபாட்டுத் தலங்கள் கூறக்கூடாது, கூறுவது தகாது. பெயர் பதிந்ததா என்று கேட்பது மாத்திரமே அவற்றின் கடமை.

2007இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களிடம் இந்நகரில் இருப்பதற்கு என்ன காரணம் என்று கேட்கப்பட்டது. இந்நாட்டுப் பிரஜை ஒருவர் அக்கேள்விக்குப் பதிலளிக்க வேண்டிய அவசியமே இல்லை. எனினும் அக்கேள்வி மீண்டும் ஒரு நாள் எழாது என்று உறுதி கூறுவதற்கும் எவருமில்லை. எழுந்தால், இந்த வட்டாரத்தின் வாக்காளர் நான் என்று சொல்லக்கூடியவரின் குரலுக்கு மக்கள் பிரதிநிதிகள் செவிசாய்த்தே ஆக வேண்டும். அதற்கான பெயர்ப் பதிவை இவ்வாண்டே செய்துகொள்வோமாக.