கடுவன் பூனைக்கு ஓர் அரபுப் பெயர்

பிள்ளைக்குப் பெயரிடுமுன் பெரியோரைக் கேட்கின்றோம், பொருளை ஆராய்கின்றோம், பலமுறை சொல்லிப் பார்த்த பின்னரே முடிவு செய்கின்றோம். வீட்டிலே வளரும் ஒரு பூனைக்கும் அத்துணை ஆராய்ச்சி வேண்டுமா என்று வாசகர்கள் வினவலாம். அப்பெயரை அரபு மொழியிலிருந்து எடுக்க எண்ணினால் வேண்டும் என்பதே நமது விடை.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலான அம்பாறைக் கரையோர ஊர்களிலே மீனும் பூனையும் பிரியாத கூட்டாளிகள். கரைவலை கரையை அடையுமுன்பே பூனைகள் மணலில் வந்து காத்திருக்கும். ‘பூசு, பூசு’ என்ற ஒரே அழைப்புக்கு ஓடி வரும் அவற்றுட் பலவற்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. எனினும், பிள்ளைகள் ஒரு குட்டியைத் தூக்கி வந்து, “இது கடுவன், நல்ல அரபுப் பெயராக வைப்போம்” என்று தொடங்கிவிட்டால் வீட்டிலே வாதம் எழும். “மனிசருக்கு வைக்கிற பெயரைப் பூனைக்கு வைக்கிறதா?” என்று உம்மம்மா கண்டிப்பார். “அரபு நாட்டில் பூனையே இல்லையா உம்மம்மா?” என்று பேரன் மடக்குவான். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

முதலிற் பேரனின் பக்கத்தைப் பார்ப்போம். ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்தவர் என்று போற்றப்படும் அபூ ஹுறைறா (றழி) அவர்களின் இயற்பெயரைப் பலர் அறியார். அப்துர் ரஹ்மான் என்பதே அது எனப் பெரும்பாலோர் கூறுவர். ஆடு மேய்க்கும் காலத்தில் ஒரு பூனைக்குட்டியைத் தம்முடன் வைத்து விளையாடியதனால் ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்னும் பொருளுடைய பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் வழியாக வந்த அறிவிப்புக்கள் 5374 எனக் கணக்கிடுவது வழக்கம். பிராணிகளுக்குப் பெயரிடுவதும் அரபிகளிடையே பழைய மரபேயாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறிச் சென்ற கழுதைக்கு ‘உபைர்’ என்று பெயர். மண்ணின் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த செல்லப் பெயர் அது. நிறம் பார்த்தும் குணம் பார்த்தும் பெயரிடும் இம்முறை நமக்கு நல்ல வழிகாட்டி.

உம்மம்மாவின் பக்கமும் வலுவுள்ளது. இறைவனின் திருநாமங்களைச் சேர்ந்த பெயர்களும், நபிமார், ஸஹாபாக்களின் பெயர்களும் மரியாதைக்குரியவை. அவற்றைப் பூனையிடம் கொண்டு செல்லாமை பண்பாடு. ‘அஸத்’, ‘பஹ்த்’ என்பன சிங்கத்தையும் சிவிங்கிப்புலியையும் குறிப்பன; கடுவனுக்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் வாசலில் நின்று உரக்க அழைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையன்றோ திரும்பிப் பார்ப்பான்! அப்பிள்ளையின் வாப்பா அதனை விளையாட்டாகக் கொள்வாரென்று சொல்ல முடியாது. நாயகத்தின் பூனைக்கு ‘முஅஸ்ஸா’ என்று பெயரிருந்ததாகப் பலர் சொல்வதும் உண்டு. அது செவிவழிக் கதையே. ஆதாரபூர்வமான ஹதீஸ் தொகுப்புக்களிற் காணப்படுவதன்று.

மூன்றாவது இடையூறு எழுத்தினால் வருவது. அரபியில் அடித்தொண்டையிலிருந்து பிறக்கும் ககரம் வேறு; சாதாரணக் ககரம் வேறு. முன்னதைக் கொண்டு ‘கல்ப்’ என்றால் இதயம். பின்னதைக் கொண்டு ‘கல்ப்’ என்றால் நாய். ‘என் இதயமே’ என்று கொஞ்ச விரும்பிப் பூனைக்குக் ‘கல்பீ’ என்று பெயரிட்டால், நமது நாவிலே அது ‘என் நாயே’ என்று ஆகிவிடலாம். ‘ஜமால்’ என்றால் அழகு. குறுகி ‘ஜமல்’ ஆனால் ஒட்டகம். அரபெழுத்தைக் கொண்டு தமிழை எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை, தமிழெழுத்தில் உண்டு. ஆகவே, பெயரை அரபெழுத்தில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நன்று. ஊர்தோறும் மௌலவிமார் உளர். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரபுமொழி பயிலும் மாணவரும் உளர். கேட்பதில் வெட்கமில்லை.

ஆண், பெண் வேறுபாட்டையும் மறத்தலாகாது. ‘ஹிர்’ என்றால் கடுவன். ‘ஹிர்றா’ என்றால் பெட்டை. கறுப்புக் கடுவன் ‘அஸ்வத்’, பெட்டையாயின் ‘ஸவ்தா’. ஆகார ஈற்றில் இனிமை கண்டு கடுவனுக்குப் பெண்பெயர் சூட்டிவிடுதல் எளிதில் நேரக்கூடிய தவறு.

இனி, நமக்குப் பிடித்த சில பெயர்கள். பக்தாத் நகரில் ‘அத்தாபிய்யா’ என்றொரு பகுதி இருந்தது. அங்கு நெய்யப்பட்ட வரிப்பட்டு ‘அத்தாபி’ எனப்பட்டது. அச்சொல்லே ஐரோப்பாவுக்குச் சென்று, ஆங்கிலத்தில் ‘டாபி’ எனத் திரிந்து, வரிப்பூனையைக் குறிக்கலாயிற்று. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் ஒரு வரிப்பூனைக்கு ‘அத்தாபி’யினும் பொருத்தமான பெயர் உண்டோ? புள்ளிக் கடுவனுக்கு ‘நிம்ர்’ எனலாம். சிறுத்தை என்பது பொருள். நமது நாவில் அது ‘நிமிர்’ என்றாகும். வாலை உயர்த்தி நடப்பவனுக்கு அதுவும் பொருந்தும். கறுப்புக் குட்டிக்குப் ‘பில்பில்’, அதாவது மிளகு. வடமொழிப் ‘பிப்பலி’யே பாரசீகத்தின் வழியாக அரபியை அடைந்து இவ்வாறு ஆயிற்று. சாம்பல் நிறத்தவனுக்கு ‘அன்பர்’. திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து வரும் வாசனைப் பொருள் அது. தமிழ்க் காதுக்கோ அது அன்புடையவனின் பெயர்.

பெயர் சுருக்கமாக இருத்தலும், வீட்டார் அனைவரும் ஒரேவிதமாக அழைத்தலும் வேண்டும். பூனை தன் பெயரை அறியுமா என ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: ஜப்பானிய ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, வீட்டுப் பூனைகள் தம் பெயரை அதனையொத்த ஏனைய சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன எனக் காட்டியது. வருவதும் வராததும் அவற்றின் விருப்பம்!

பெயரிடுவதோடு கடமை முடிவதில்லை. பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் இனத்தது என்று நபிமொழி கூறுகிறது. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிச் சொல்லே வந்துள்ளது. பூனையொன்றை உணவின்றி அடைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்பதும் நாம் சிறுவயதிலேயே கேட்ட செய்தி. இன்றும் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையோரம் விட்டுவருவோர் உளர். பெயரில்லாக் குட்டியை விட்டுவருவது எளிது. பெயர் சொல்லி அழைத்த குட்டியை விட்டுவரக் கை எழாது. எனவே, மாணவர்களே, நல்ல பெயரைத் தேடுங்கள். தேடிக் கிடைத்த அன்றே, அப்பெயருக்குரியவனுக்கென ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு மீன்தலையும் எடுத்து வையுங்கள்.