எண்ணெய் அல்லாத எண்ணெய்: பழைய கார்களின் கிளட்ச் பழுது

ஓடும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தேவைப்படும்போது பிரித்துவிடும் உறுப்பே கிளட்ச். அதைக் கேபிளால் அல்லாமல் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு, வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டிலும், 2014 வரை வெளிவந்த அம்பாசடரிலும் இடம்பெற்றிருந்தது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் திரவத்தைக் குழாய் வழியே தள்ள, கியர்பாக்ஸை ஒட்டியுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை ஏற்று, சிறு தண்டு ஒன்றின் மூலம் கிளட்ச் ஃபோர்க்கை நகர்த்துகிறது. இரு சிலிண்டர்களிலும் அழுத்தம் கசியாமல் காப்பவை, மெக்கானிக்குகள் ‘கப்’ என்று அழைக்கும் ரப்பர் அடைப்புகள். அவற்றின் விலையோ மிகச் சொற்பம்.

ரிவர்ஸ் கியர் கரகரத்து விழுந்தால் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகித்து உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் வழக்கம் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது. ஏனெனில் பிளேட் தேய்ந்தால் இன்ஜின் இரைந்தும் கார் வேகமெடுக்காமல் கிளட்ச் வழுக்குமேயன்றி, கியர் விழுவது பெரும்பாலும் கடினமாவதில்லை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி வழியாகச் செல்லும் பழைய கார் ஒன்று, அம்பத்தூர் சிக்னலில் பெடல் முழுவதும் மிதித்த நிலையில் முதல் கியரில் நிற்கும்போது தானாகவே மெல்ல முன்னே நகரத் தொடங்குமானால், மாஸ்டர் சிலிண்டரின் கப் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் திரவத்தை உள்ளுக்குள்ளேயே பின்னால் விடுகிறது என்று கருத இடமுண்டு. இத்தகைய கசிவு வெளியே ஒரு சொட்டும் காட்டாது. வெளிக்கசிவாயின், பெடலுக்கு மேலே தண்டு நுழையும் இடத்திலும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் அதனுள்ளும் ஈரம் தென்படும். இரண்டு மூன்று முறை அடித்து மிதித்த பிறகே பெடல் இறுகுமானால், குழாயில் காற்று புகுந்திருப்பது பெரும்பாலும் உறுதி.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு: பெடலுக்குச் சிறிதும் ‘ஃப்ரீ ப்ளே’ விடாமல் இறுக்கி வைத்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் திரவம் திரும்புவதற்கான நுண்துளை மூடியே இருந்து, அழுத்தம் தேங்கி, நல்ல பிளேட்டும் வழுக்கும், உள்ளே உப்பிப்போன ரப்பர் ஹோஸும் திரவத்தைத் திரும்ப விடாமல் அதையே செய்யும்.

இவற்றுள் பல கோளாறுகளுக்கு வேர் ஒரு பெயரில் இருக்கிறது. கடைகளில் ‘பிரேக் ஆயில்’ எனக் கேட்டு வாங்கப்படும் அத்திரவம் எண்ணெயே அன்று. கிளைக்கால் வகை வேதிப்பொருளாகிய அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஆயில்தானே என்று அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் கப்கள் ஊதிப் பெருத்து, ஹோஸ் உட்பட அமைப்பிலுள்ள ரப்பர் முழுவதும் பாழாகும். சரியான திரவமே ஆனாலும், வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றைப் பல ஆண்டுகள் குடித்துவிட்டால், சிலிண்டரின் உட்சுவரில் துரு குழிகளைத் தோண்ட, அவற்றின் விளிம்புகள் கப்களை அறுத்துவிடும். திரவத்தை இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது இதனால்தான். 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் அம்பத்தூருக்கு அருகிலுள்ள பாடியிலேயே இயங்கும் இப்பகுதியில்கூட, இந்த எளிய பராமரிப்பு புறக்கணிக்கப்படுவது வேதனை தருகிறது.

சீர்செய்யும்போது சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை விரல்நுனியாலும் வெளிச்சத்திலும் சோதித்து, வழவழப்பாக இருந்தால் மட்டுமே புதிய கப்கள் அடங்கிய ‘கிட்’ போட வேண்டும். குழி விழுந்த சிலிண்டரில் எத்தனை கிட் மாற்றினாலும் சில வாரங்களில் கசிவு திரும்பிவிடுமாதலால், லேத்தில் ஸ்லீவ் இடுவதோ புதிய சிலிண்டர் வாங்குவதோதான் முறை. பின்னர் ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றொருவர் ஸ்லேவ் நிப்பிளைத் திறந்து, பெடல் மேலெழும் முன்பே மூடி, குமிழி நிற்கும்வரை ‘ஏர்’ எடுக்கிறார். அதற்கிடையே திரவ டேங்க் வற்றினால் காற்று மறுபடி புகுந்து, வேலை முதலிலிருந்து தொடங்க நேரும். சிந்திய திரவம் பெயின்ட்டைக் கரைத்துவிடும் என்பதால் உடனே தண்ணீரால் கழுவப்பட வேண்டும். ஓர் இரவு நிறுத்திவைத்து, மறுநாள் காலை முதல் மிதியிலேயே ரிவர்ஸ் கியர் ஓசையின்றி விழுந்தால் பழுது தீர்ந்தது எனக் கொள்ளலாம்.