வாயில நிக்குது, வருகுதில்லை

சிட்னி வென்ட்வொர்த்வில்லில் ஒரு குசினி. கறித்தூள் வறுக்கக் கொத்தமல்லி, மிளகு, செத்தல் மிளகாய் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஒரு போத்தலைக் கையில் பிடித்தபடி தோழி நிற்கிறாள். "அக்கா, இதுக்குப் பேர் என்ன? வாயில நிக்குது, வருகுதில்லை." போத்தலில் இருந்தது பெருஞ்சீரகம். இருபது வருசமாக அவள் கையாலேயே வறுக்கிற சரக்கு.

அவளுக்கு 41 வயது. மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, 28 நாளுக்கொருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் 'சொலடெக்ஸ்' போடுகிறார்கள். ஊசி என்று சொன்னாலும் உள்ளே போவது தண்ணி மருந்தல்ல. அரிசிமணி போல ஒரு சிறு குச்சி. அது உள்ளேயே மெல்ல மெல்லக் கரையும். செலுத்துகிற ஊசி நல்ல தடிப்பு. "குத்துறதைத் தாங்கலாம் அக்கா, மறக்கிறதுதான் பயமாக் கிடக்கு" என்கிறாள்.

மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் பிட்யூட்டரிச் சுரப்பி சூலகத்துக்கு உத்தரவு அனுப்புகிறது. இந்த மருந்து அதே அழைப்பை ஓயாமல் கொடுக்கிறது. முதலில் பரபரக்கும் பிட்யூட்டரி, பிறகு காதைப் பொத்திக்கொள்கிறது. சூலகம் ஓய்ந்து ஈஸ்ட்ரஜன் சரிகிறது. வழக்கமாக வருசக்கணக்கில் படிப்படியாக வரும் மாதவிடாய் நிறுத்தம் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. ஈஸ்ட்ரஜனை உணரும் ஏற்பிகள் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸிலும் உண்டு.

1996இல் மொன்றியலில் பார்பரா ஷெர்வினும் டோகாஸ் துலாந்தியும் வெளியிட்ட ஆய்வு ஈஸ்ட்ரஜனுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. கருப்பைக் கட்டிக்காக இதே வகை மருந்தான லூப்ரொலைட் எடுத்த பெண்களுக்கு 12 வாரத்தில் சொல் நினைவு குறைந்தது. பிறகு ஈஸ்ட்ரஜனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அது மீண்டது.

மெல்பேர்னில் வந்த விடை வேறு. பீட்டர் மக்கலம் புற்றுநோய் மையத்தின் புரூடன்ஸ் பிரான்சிஸ் முன்னின்ற 'சொஃப்ட்' என்ற சர்வதேச ஆய்வில் 3,066 பெண்கள் சேர்ந்தார்கள். அதன் கிளையாக, அதே மையத்தின் கெலி-ஆன் பிலிப்ஸ் குழு 2016இல் நினைவாற்றல் ஆய்வொன்றை வெளியிட்டது. தொடக்கத்திலும் ஒரு வருசத்துக்குப் பிறகும் கணினியில் சோதித்தார்கள். மார்பில் ஈஸ்ட்ரஜனின் வேலையைத் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சூலகத்தையும் அடக்கியவர்களின் மொத்தப் புள்ளியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆறுதலான செய்திதான். ஆனால் இரண்டு சோதனையையும் முடித்தவர்கள் 74 பேர்தான். ஒப்பீட்டுப் பக்கத்தில் வெறும் 20 பேர். சராசரிக்குள் ஒருத்தியின் பெருஞ்சீரகம் காணாமல் போகலாம். இரவில் மூன்று தரம் உடம்பு கொதித்து, வேர்த்து, விழித்தெழுகிறவளுக்குப் பகலில் சொல் வராததற்கு நித்திரையும் ஒரு காரணம். கீமோ, கவலை எல்லாமும் கூடவே இருக்கும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, முதல் ஊசிக்கு முன்னர் அவள் நினைவு எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். அந்த ஆய்வில் அதைச் செய்தார்கள். சாதாரணச் சிகிச்சையிலும் ஏன் செய்யக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

மறக்கிறது என்பதற்காக ஊசியை நிறுத்திவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'சொஃப்ட்' ஆய்வில் 35 வயதுக்குட்பட்டவர்களில், ஐந்து வருசத்துக்குப் பிறகும் மார்புப் புற்றுநோய் திரும்பாமல் இருந்தவர்கள் தமொக்சிஃபென் மட்டும் எடுத்தவர்களில் 67.7 சதவீதம்; சூலகத்தை அடக்கி, ஈஸ்ட்ரஜன் உருவாவதைத் தடுக்கும் எக்ஸிமெஸ்டேனும் எடுத்தவர்களில் 83.4 சதவீதம். ஹார்மோனால் வளரும் புற்றுநோய் என்பதால் இவளுக்கு ஈஸ்ட்ரஜனைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. சூலகத்தை அடக்கும் மருந்தை எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை நோய்க்கு எடுப்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது: 2025 மே மாதம் ஆஸ்திரேலிய அரசு மானியப் பட்டியலில் சேர்ந்த 'ரையெக்கோ' மாத்திரையில் அடக்கும் மருந்தோடு கொஞ்சம் ஈஸ்ட்ரஜனும் சேர்ந்தே வருகிறது.

வைத்தியரிடம் இதையெல்லாம் சொல்ல ஆங்கிலம் வரவேண்டுமே? மறந்த சொல்லைப் பற்றி இன்னொரு மொழியில் முறையிடுவது சும்மா வேலையா? 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். "மகள் வருவாள், அவள் சொல்லுவாள்" என்று தள்ளிப்போட்டவள், போன கிழமை தானே ஒரு கொப்பி வாங்கினாள். முதல் பக்கத்தில் திகதி, பெருஞ்சீரகம், முதல் நாள் இரவு எத்தனை மணிக்கெல்லாம் விழித்தாள் என்ற கணக்கு.