கல்லுக்குள் ஒரு குட்டி ஊர்!



கோடை விடுமுறைக்கு ராமேஸ்வரம் போய்விட்டு வந்த என் பேரன், பையைக் கூட இறக்கி வைக்காமல் என்னிடம் ஓடி வந்தான். கையில் ஒரு வெள்ளைக் கல். மேலெல்லாம் பூ வேலை செய்தது போலச் சின்னச் சின்னக் குழிகள்.

"தாத்தா, கடற்கரையில் கிடந்தது. நம்ம மீன் தொட்டியில் போடலாமா? சூப்பரா இருக்கும்!"

கோரிப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் நான்கு தங்க மீன்கள் நீந்திக் கொண்டிருக்கின்றன.

"போடக் கூடாதுடா கண்ணா" என்றேன்.

"ஏன் தாத்தா? வெறும் கல்லுதானே?"

நல்ல கேள்வி! அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

கல் அல்ல... வீடு!

அவன் கொண்டு வந்தது பவளம். கடலுக்குள் பாலிப் என்ற மிகச் சிறிய பிராணிகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கடல் நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தம் உடம்பைச் சுற்றி வீடு கட்டிக் கொள்கின்றன. பழைய வீட்டின் மேல் புது வீடு, அதன் மேல் இன்னொரு வீடு... இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்து வந்ததுதான் பவளப்பாறை!

உருண்டையாக வளரும் பவளங்கள் ஓர் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் உள்ளங்கை அளவு வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

கடலின் தரையில் நூற்றில் ஒரு பங்கு இடத்தில் கூடப் பவளப்பாறை கிடையாது. ஆனால், கடல்வாழ் உயிர் வகைகளில் ஏறக்குறைய கால் பங்கு இதை நம்பியே வாழ்கின்றன. முட்டை இட, குஞ்சு வளர்க்க, பெரிய மீனிடமிருந்து ஒளிந்து கொள்ள... எல்லாவற்றுக்கும் இந்தத் துளைகளும் இடுக்குகளும்தான் வேண்டும்.

காளவாசலுக்குப் போன கடல்

நம் மதுரையில் காளவாசல் என்று ஓர் இடம் இருக்கிறது அல்லவா? காளவாசல் என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடுகிற சூளை. அந்தக் காலத்தில் கடலோர ஊர்களில் சுண்ணாம்புச் சூளைகளுக்குப் பவளப்பாறைகளைத்தான் படகு படகாக வெட்டி எடுத்து வந்தார்கள். வீடு கட்டும் கல்லாகவும் பயன்படுத்தினார்கள்.

இதனால் என்ன ஆயிற்று? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரண் போல நின்று, அலையின் வேகத்தைக் குறைத்தன. பாறையை வெட்டியதும் அரண் போயிற்று. அலைகள் நேராக வந்து மணலை அரித்தன. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன!

2001ம் ஆண்டு பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு! பவளத்தை எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக் கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், சுற்றுலா போன இடத்தில் நானே ஒரு பவளத் துண்டை வாங்கி வந்தேன். அதை வகுப்பு மேஜையில் வைத்து, "பாருங்கள், கடலின் அழகை!" என்று பெருமையாகப் பாடம் நடத்தினேன். தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைக்கவும் அது உதவியது. அது ஓர் உயிர்க் கூட்டத்தின் வீடு என்று என் மாணவர்களுக்கு நான் சொல்லவே இல்லை. அந்த விட்டுப்போன பாடத்தைத்தான் இப்போது உங்களுக்கு நடத்துகிறேன்.

ஜகார்த்தாவில் ஒரு தொட்டி

உலகில் பலர் கடல் நீரை நிரப்பி, பவளப்பாறைத் தொட்டி வளர்க்கிறார்கள். கடல் மீன்களைத் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பது முன்பு பெரும்பாடாக இருந்தது. 1961ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய துளைக் கற்களைத் தொட்டிக்குள் வைத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. மீன்களும் நன்றாக வாழ்ந்தன!

காரணம், துளைக்குள் குடியிருந்த பாக்டீரியாக்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நச்சு உண்டாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. துளையின் ஆழத்தில், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள், நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். கல்லுக்குள் சம்பளம் வாங்காத ஒரு துப்புரவுப் படை!

ஆனால், தொட்டி வளர்ப்பவர்கள் எல்லாரும் கடலிலிருந்து கல்லை எடுத்தால்? மறுபடியும் காளவாசல் கதைதான். எனவே, கல்லைக் கையாலேயே செய்தால் என்ன என்று யோசித்தார்கள்.

கல் உப்பு செய்யும் மாயம்

அவர்கள் செய்தது எளிய வேலைதான். சிமென்ட், கிளிஞ்சல் தூள் ஆகியவற்றோடு கல் உப்பையும் சேர்த்துப் பிசைந்து, பாறை வடிவில் வார்த்தார்கள். இறுகிய பின் தண்ணீரில் ஊற வைத்தால் உப்பு கரைந்து போகும். உப்பு இருந்த இடமெல்லாம் துளை! சிலர் களிமண்ணைச் சுட்டும் பாறை செய்கிறார்கள்.

புது சிமென்ட் தண்ணீரில் காரத்தைக் கக்கும். அது மீனைக் கொன்றுவிடும். அதனால், பல வாரங்கள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்த பிறகே தொட்டிக்குள் வைப்பார்கள். அப்புறம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பாக்டீரியா குடியேறும். மாதங்கள் போனால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாசி படரும். பிறகு, எது செய்த கல், எது கடல் கல் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்!

இந்தக் கற்களைச் சுவர் போல அடுக்கக் கூடாது. குகை, வளைவு, இடைவெளி என்று விட்டு அடுக்க வேண்டும். ஏன் தெரியுமா?

வைகையில் தண்ணீர் வரும்போது, கோரிப்பாளையத்தையும் யானைக்கல்லையும் இணைக்கும் ஏ.வி. பாலத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வளைவுகளுக்குள் புகுந்து தண்ணீர் சுழித்துக் கொண்டு போகும். அங்கே சுவர் இருந்தால் குப்பையும் சேறும் தேங்கிவிடும். தொட்டியிலும் அப்படியே. தண்ணீர் எல்லா இடுக்குக்கும் போய் வந்தால்தான் அழுக்கு தேங்காது. உள்ளே இருக்கும் உயிர்களுக்கு ஆக்சிஜனும் கிடைக்கும்.

தீவைக் காத்த செயற்கைப் பாறை

இதே யோசனை கடலுக்குள்ளும் பயன்பட்டது. அதுவும் நம் ஊரிலிருந்து சுமார் 140 கிலோ மீட்டர் தூரத்தில்!

தூத்துக்குடிக்கு அருகில் வான் தீவு என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அலை அரித்து அரித்து அதன் பெரும் பகுதி கரைந்துவிட்டது. இதுவும் மூழ்கிவிடுமோ என்று எல்லாரும் பயந்தார்கள். தமிழக அரசு, தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை கை கோத்தன.

கீழே அகன்றும் மேலே குறுகியும், உடம்பெல்லாம் துளைகளோடும் கான்கிரீட் கட்டமைப்புகளைச் செய்தார்கள். 2015ம் ஆண்டு முதல், தீவுக்கு முன்னால் கடலுக்குள் அவற்றை வரிசையாக இறக்கினார்கள். ஒன்று இரண்டல்ல... பத்தாயிரத்துக்கும் மேல்!

துளைகள் வழியே புகுந்த அலை வேகம் இழந்தது. மணல் அரிப்பு குறைந்தது. துளைகளில் மீன்கள் வந்து தங்கின. பவளக் குஞ்சுகளும் அந்த கான்கிரீட்டில் ஒட்டி வளரத் தொடங்கின. பக்கத்தில் உள்ள காரைச்சல்லி தீவையும் இதே வழியில் காக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆனால் ஒன்று, குட்டீஸ்! செயற்கைப் பாறை வீட்டை மட்டும்தான் தரும். கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால், பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துவிடும், சூடு நீடித்தால் இறந்துவிடும். 1998, 2010, 2016ம் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது. கான்கிரீட்டால் கடலைக் குளிர வைக்க முடியாதே! எனவே, இருக்கிற பவளத்தைக் காப்பதுதான் முதல் வேலை.

செய்து பாருங்கள்!

முட்டை ஓட்டின் மேல் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரை நுரையாகக் குமிழி வரும். ஓட்டில் இருப்பதும் பவளத்தில் இருப்பதும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். நல்ல தண்ணீர்த் தொட்டியில் பவளமோ கிளிஞ்சலோ போட்டால், சுண்ணாம்பு மெல்லக் கரைந்து தண்ணீரின் தன்மையை மாற்றும். எல்லா மீனுக்கும் அது ஒத்துக் கொள்ளாது.

அப்படியென்றால் உங்கள் தொட்டிக்கு எது நல்லது? மண் சட்டி! சிமென்ட் வேலை கையைப் புண்ணாக்கும். அது உங்களுக்கு வேண்டாம்.

* மதுரைக்கு அருகில் உள்ள விளாச்சேரி மண்பாண்டத்துக்கும் மண் பொம்மைக்கும் பேர் போனது. அதுபோன்ற இடத்தில் பெயின்ட் அடிக்காத, பளபளப்புப் பூச்சு இல்லாத சட்டியாகப் பாருங்கள். லேசாக உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

* கூரான விளிம்புகளைப் பெரியவர்களிடம் கொடுத்து, கல்லில் தேய்த்து மழுங்க வைக்கச் சொல்லுங்கள்.

* இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சோப்பு போடவே கூடாது.

* முதலில் சட்டியைத் தொட்டியின் தரையில் ஆடாமல் வையுங்கள். பிறகு மணலைப் பரப்புங்கள். மணல் மேல் சட்டியை வைத்தால், மீன் தோண்டும்போது சரிந்துவிடும்.

* ஓட்டை, மீன் தாராளமாக நுழைந்து திரும்பும் அளவுக்கு இருக்கட்டும்.

* தொடக்கத்தில் ஒன்றிரண்டு மீன்கள் போதும். பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் ஆகும். சட்டியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவாதீர்கள். தண்ணீரில் உள்ள குளோரின், அந்தத் துப்புரவுப் படையை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

இதையெல்லாம் கேட்ட என் பேரன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, இதைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டான். மறுநாள் அவன் அப்பா, அவனை வனத்துறை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று அந்தத் துண்டை ஒப்படைத்தார்.

இப்போது எங்கள் தொட்டியில் பாதி உடைந்த ஒரு மண் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. முதல் இரண்டு நாள் மீன்கள் பக்கத்திலேயே வரவில்லை. மூன்றாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பிய பேரன் கத்தினான்:

"தாத்தா, ஓடி வாங்க! உள்ளே போய்டுச்சு!"

என்ன குட்டீஸ், அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் என்ன எடுத்து வருவீர்கள்? காலில் ஒட்டிய மணலைத் தவிர, வேறு எதுவும் வேண்டாம்... சரிதானே!